தொலைவில் தீட்டிய எல்லைப்புறம்

அமெரிக்க மேற்குப் பகுதியின் எல்லைப்புற வாழ்க்கையைக் காட்டும் ஓவியங்களையும் சிலைகளையும் ஆண்டு வாரியாக அடுக்கிப் பார்த்தால் ஒரு விசித்திரம் புலப்படும். 1830களில் மிசௌரி ஆற்றுக்கு மேற்கே வெள்ளையரின் ஆட்சி பெயரளவில்தான் இருந்தது. அந்தக் காலத்தில் அங்கே போய் வரைந்தவர்களின் படங்களில் மனிதர்கள் பெரும்பாலும் உட்கார்ந்திருக்கிறார்கள், புகைபிடிக்கிறார்கள், எதற்கோ காத்திருக்கிறார்கள். 1890களுக்கு வந்தால் ரயில் பாதையும் முள்வேலியும் நாட்டைக் கூறுபோட்டு முடித்திருக்கின்றன. படங்களிலோ குதிரைகள் நாலுகால் பாய்ச்சலில் பறக்கின்றன, துப்பாக்கி வெடிக்காத படம் அரிதாகிவிடுகிறது. ஆபத்து இருந்தபோது அமைதி, ஆபத்து ஓய்ந்த பிறகு அமளி. இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. எல்லைப்புறத்தின் முரட்டுத்தனம் என்று உலகம் இன்று நம்புவதில் பெரும்பங்கு எல்லைப்புறத்தில் விளையவில்லை. அங்கிருந்து வெகு தொலைவில் இருந்த ஊர்களில், அந்த மண்ணை மிதிக்காதவர்களின் காசுக்காக விளைந்தது என்பதே என் கட்சி.

முதலில் அமைதியைப் பார்ப்போம். ஸ்விட்சர்லாந்துக்காரரான கார்ல் போட்மர், மாக்ஸிமிலியன் என்ற ஜெர்மன் இளவரசரின் ஆய்வுப் பயணத்துக்கு ஓவியராக அமர்ந்து, 1833இல் மிசௌரி ஆற்றை எதிர்த்து மேலே போனார். இன்றைய வடக்கு டகோட்டாவில் இருந்த கிளார்க் கோட்டையில், மண்டான் மக்களின் ஊர்களுக்கு அருகே, வண்ணம் உறைந்துபோகும் குளிரில் ஒரு பனிக்காலம் முழுவதையும் கழித்தார். அங்கே அவர் வரைந்த மண்டான் மண்குடிலின் உட்புறத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அலுக்காது. கூரையைத் தாங்கும் பருத்த மரத்தூண்கள், புகைத்துளை வழியே இறங்கும் வெளிச்சம், அந்த வெளிச்சத்தில் வட்டமாக உட்கார்ந்து பேசும் சிலர், காலடியில் நாய்கள், வீட்டுக்குள்ளேயே ஒரு பக்கமாகக் கட்டியிருக்கும் குதிரைகள், சாய்த்து வைத்த ஆயுதங்கள். சண்டை இந்தப் படத்தில் இல்லாமலில்லை. ஆயுதமாகச் சுவரோரம் கிடக்கிறது. அதே ஊரின் போர்த்தலைவர் மாடோ டோப்பேயை போட்மர் வரைந்த படத்தில் இது இன்னும் தெளிவு. தலைமுடியில் செருகியிருக்கும் மரக்கத்தி, அவர் கொன்ற ஷையன் தலைவனின் அடையாளம். வண்ணம் பூசிய ஆறு குச்சிகள் ஆறு குண்டுக்காயங்களுக்காக. மார்பில் மஞ்சளாகத் தீட்டிய கை, அவர் பிடித்த கைதிகளுக்காக. இவ்வளவு வன்முறையையும் உடம்பில் கணக்காக எழுதிக்கொண்டிருக்கும் மனிதர் அசையாமல் நிற்கிறார். போட்மருக்கு அவரைக் குதிரையில் ஏற்றிப் பாயவிட வேண்டிய தேவை எழவே இல்லை. 1837இல் வந்த பெரியம்மையில் சுமார் 1,600 மண்டான்களில் 150 பேர்கூட மிஞ்சவில்லை. மாடோ டோப்பேயும் மாண்டார். அந்த மக்களை அழித்த கொள்ளைநோயை ஒரு போர்க்கள ஓவியராலும் காட்டியிருக்க முடியாது.

போட்மருக்கு முன்பே அங்கே போன ஜார்ஜ் கேட்லின், வக்கீல் தொழிலை விட்டுவிட்டு ஓவியரானவர். 1830களில் அவர் திரட்டிய ஐந்நூறு சொச்சம் ஓவியங்களில் முந்நூறுக்கு மேற்பட்டவை உருவப்படங்கள். சேத் ஈஸ்ட்மன் என்ற ராணுவ அதிகாரியின் கதை இதைவிடச் சுவையானது. மினசோட்டாவின் ஸ்னெல்லிங் கோட்டையில் படைத்தலைமை வகித்தவர். சண்டை போடுவதற்கே சம்பளம் வாங்கியவர். 1840களில் அவர் வரைந்ததோ டகோட்டா மக்கள் உறைந்த ஆற்றின்மேல் ஆடிய பந்தாட்டம், பெண்களின் அன்றாட வேலை, முகாம் வாழ்க்கை. ஜார்ஜ் கேலப் பிங்கம் 1845இல் வரைந்த புகழ்பெற்ற தோணிப் படத்திலும் நடப்பது ஏதுமில்லை. மென்மயிர்த் தோல் ஏற்றிய ஒற்றைமரத் தோணி, துடுப்பு வலிக்கும் கிழவர், மூட்டைமேல் சாய்ந்திருக்கும் அவருடைய மகன், முனையில் கட்டிப்போட்ட ஒரு சிறு கரடிக்குட்டி, கண்ணாடி போன்ற தண்ணீர். பிங்கம் இதற்கு வைத்த தலைப்பு, பிரெஞ்சு வியாபாரியும் அவருடைய கலப்பினப் பிள்ளையும் என்று பொருள்படுவது. நியூயார்க்கின் அமெரிக்கக் கலைச் சங்கம் படத்தை வாங்கியதும் தலைப்பை மாற்றி, மிசௌரியில் இறங்கிவரும் தோல் வியாபாரிகள் என்று ஆக்கிவிட்டது. எல்லைப்புறத்தில் வெள்ளையரும் பூர்வகுடிகளும் மணம் செய்துகொண்டு பிள்ளை பெற்றுக் குடும்பம் நடத்தினார்கள் என்ற மிகச் சாதாரண உண்மை, கிழக்குக் கடற்கரைக்கு வந்து சேர்ந்த அன்றே தலைப்பிலிருந்து அழிந்துபோனது.

இந்த இடத்தில் யாரும் மறுக்கலாம்: பழைய படங்களிலும் கோடரியும் ரத்தமும் இல்லையா? இருக்கின்றன. ஜான் வாண்டர்லின் 1804இல் வரைந்த ஜேன் மெக்ரே கொலைப் படத்தில் இரண்டு செவ்விந்தியர்கள் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் கூந்தலைப் பற்றி ஆயுதம் ஓங்குகிறார்கள். ஹொரேஷியோ கிரீனோவின் 'மீட்பு' என்ற பளிங்குச் சிலைத் தொகுதியில் பூதாகாரமான ஒரு வெள்ளையர், கோடரி ஓங்கிய செவ்விந்தியரின் கைகளைப் பின்னாலிருந்து மடக்கிப் பிடிக்கிறார். பக்கத்தில் தாயும் சேயும் ஒடுங்கிக் கிடக்கிறார்கள். 1853 முதல் 1958 வரை அது வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் கிழக்குப் படிக்கட்டில் நின்றது. சார்ல்ஸ் விமார் 1853இல் வரைந்தது, எல்லைப்புற முன்னோடி டேனியல் பூனின் மகளை செவ்விந்தியர்கள் கடத்தும் காட்சி. மூன்றும் பழையவைதான். ஆனால் அவை உருவான முகவரிகளைப் பாருங்கள்: வாண்டர்லின் வரைந்தது பாரிஸில், கிரீனோ செதுக்கியது ஃபிளாரன்ஸில், விமார் வரைந்தது ஜெர்மனியின் டுஸல்டார்ஃப் ஊரில். விமார் இதற்கு நல்ல சாட்சி. டுஸல்டார்ஃபில் இருந்தபோதே குடியேறிகளின் வண்டித்தொடரைச் செவ்விந்தியர்கள் தாக்கும் படத்தையும் அவர் தீட்டினார். 1856இல் செயின்ட் லூயிஸுக்குத் திரும்பி, 1858, 1859 ஆண்டுகளில் நீராவிப் படகேறி மிசௌரியில் மேலே போய்வந்த பிறகு அவர் தீட்டியவை காட்டெருமை நடனம், வேட்டை, கோட்டையை நோக்கி வரும் குடும்பங்கள். கை அதே கைதான், தூரம்தான் குறைந்தது. வண்டித்தொடர்த் தாக்குதலைப் பொறுத்தவரை கணக்கே இருக்கிறது. வரலாற்றாசிரியர் ஜான் அன்ரூ திரட்டியபடி, 1840 முதல் 1860 வரை சமவெளியைக் கடந்த லட்சக்கணக்கான குடியேறிகளில் செவ்விந்தியர் கையால் இறந்தவர்கள் 362 பேர். குடியேறிகள் கையால் இறந்த செவ்விந்தியர்கள் 426 பேர். மற்றபடி அந்தப் பாதையின் ஓரங்களைப் புதைகுழிகளால் நிரப்பியது காலராவும் வண்டிச் சக்கரமும் ஆற்று வெள்ளமும். தூரத்தின் இந்த வேலைக்குக் கேட்லினேகூட விதிவிலக்கல்ல. தன் தொகுப்பை எடுத்துக்கொண்டு 1840இல் லண்டனில் கடைவிரித்தபோது உருவப்படங்களை மட்டும் பார்க்கக் கூட்டம் போதவில்லை. ஆங்கில நடிகர்களுக்குச் செவ்விந்திய வேடம் போட்டுப் போர் நடனமும் தலைத்தோல் உரிக்கும் காட்சியும் மேடையேற்ற வேண்டியதாயிற்று.

ஆக, இடத்தின் தூரம் செய்த வேலையை நூற்றாண்டின் முடிவில் காலத்தின் தூரம் செய்தது. அதன் தலைமகன் ஃபிரெடரிக் ரெமிங்டன். நியூயார்க் மாநிலத்தில் 1861இல் பிறந்தவர். கன்சாஸில் ஆட்டுப் பண்ணை வாங்கி ஓராண்டு பார்த்துவிட்டு விற்றார். அடுத்து சாராயக்கடை ஒன்றில் பணம் போட்டு இழந்தார். அவர் மேற்கைப் பார்க்கவே இல்லை என்று சொன்னால் அநியாயம். 1888இல் அரிஸோனாவில் கறுப்பினக் குதிரைப்படையோடு வெயிலில் சவாரி செய்து, அதைப் பற்றி 1889இல் ஒரு பத்திரிகையில் எழுதிப் படமும் போட்டார். அந்தப் படங்களில் படைவீரர்கள் பாலைவனத்தில் மெள்ள ஊர்கிறார்கள். ஒருவர் தண்ணீர்க் குடுவையைக் கவிழ்த்துக் குடிக்கிறார். அதே 1889இல் ஒரு தொழிலதிபர் அவரிடம் பெரிய கௌபாய்ப் படம் கேட்டார். ரெமிங்டன் அரிஸோனாவிலிருந்த ராணுவ நண்பருக்குக் கடிதம் எழுதி, கௌபாய்கள் காற்சட்டைக்கு மேல் அணியும் தோலுறைகளை வரவழைத்துக்கொண்டு வரைய உட்கார்ந்தார். வந்தது 'மரக்கூட்டத்தை நோக்கிய பாய்ச்சல்': எட்டுக் குதிரைக்காரர்கள் புழுதி கிளப்பி நம் முகத்துக்கு நேரே பாய்கிறார்கள், சிலர் திரும்பிச் சுடுகிறார்கள், ஒருவர் குண்டடிபட்டுச் சேணத்தில் சரிகிறார், பின்னால் அப்பாச்சேக்கள் துரத்துகிறார்கள். கண்ணால் கண்டதை வரைந்தபோது தாகம், கேட்டவருக்கு வரைந்தபோது துரத்தல். அடுத்த ஆண்டு அவர் நியூயார்க் நகரை ஒட்டிய நியூ ரோஷலில் வீடு வாங்கி, சேணமும் துப்பாக்கியும் உடுப்புகளும் நிறைந்த ஓவியக்கூடம் அமைத்தார். அதே 1890இன் மக்கள்தொகைக் கணக்கு, தொடர்ச்சியான எல்லைக்கோடு என்று ஒன்று இனி இல்லை என்று அறிவித்தது. 1893இல் வரலாற்றாசிரியர் ஃபிரெடரிக் ஜாக்ஸன் டர்னர் சிகாகோவில் அதற்கு இரங்கலுரை போன்ற ஒரு கட்டுரையைப் படித்தார். 1895இல் ரெமிங்டனின் முதல் வெண்கலச் சிலை வந்தது: துள்ளும் குதிரையை அடக்கும் கௌபாய். நூற்றுக்கணக்கான படிகள் வார்த்து விற்றார்கள். 1902இல் நான்கு கௌபாய்கள் வானத்தை நோக்கிச் சுட்டுக்கொண்டு பாயும் சிலை. பதினாறு குளம்புகளில் ஆறு மட்டும் தரையைத் தொட வேண்டும், மற்ற பத்தும் அந்தரத்தில் என்பது அவருடைய திட்டம். வார்ப்பட வேலைக்கு அது சாதனைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் மாதம் முப்பது நாற்பது டாலருக்கு, ஒரு நாளில் பத்துப் பதினைந்து மைல் தூரம், மந்தையின் புழுதியைத் தின்றபடி அதை நடத்திப்போன கூலியாள் அந்தச் சிலையில் எங்கே? அவர்களில் கணிசமானோர் கறுப்பினத்தவரும் மெக்ஸிகோக்காரர்களும் என்பதும் வெண்கலத்தில் தெரியாமல் போயிற்று.

ரெமிங்டனுக்குப் போட்டியாளராக வந்த சார்ல்ஸ் ஷ்ரைவோகல், நியூயார்க்குக்கு எதிர்க்கரையிலிருக்கும் ஹோபோக்கன் நகரவாசி. 1893இல்தான் முதன்முதலாக மேற்கே போனார். குதிரைப்படைச் சண்டைகளைத் தம் வீட்டு மொட்டைமாடியில் மாதிரிகளை நிறுத்திவைத்து வரைந்தார். நம்மவர்களுக்குக் கௌபாய்க் கதை நாயகன் டெக்ஸ் வில்லரை அறிமுகம் செய்தது சிவகாசி லயன் காமிக்ஸ். அந்த டெக்ஸ் 1948இல் பிறந்ததோ இத்தாலியில். ஹோபோக்கன் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் அது ஒன்றும் பெரிய தூரமில்லை.

எல்லைப்புறம் உண்மையிலேயே கொடூரமான இடம்தானே, பாய்ச்சலையும் குண்டையும் வரைந்ததில் என்ன பொய் என்று கேட்கலாம். கொடூரமான இடம்தான். 1864 நவம்பரில் கொலராடோவின் சாண்ட் கிரீக்கில் சமாதானம் நாடித் தங்கியிருந்த ஷையன், அரபாஹோ மக்களில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோரைப் படையினர் கொன்றார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். 1890 டிசம்பர் 29 அன்று வூண்டட் நீயில் லகோட்டா மக்களுக்கு நேர்ந்ததும் அதுவே. என் வாதம் வன்முறை இருந்ததா என்பது பற்றியதல்ல. எந்த வன்முறை படமாகியது என்பது பற்றியது. வூண்டட் நீ நடந்தபோது ரெமிங்டன் அந்த வட்டாரத்துக்குப் போயிருந்தும் சம்பவ இடத்தில் இல்லை. கேள்விப்பட்டதை வைத்து 1891 ஜனவரியில் ஹார்ப்பர்ஸ் வீக்லியில் படம் போட்டார். அதன் முன்புறத்தை நிறைப்பவர்கள் சுடும் படைவீரர்கள். சுடப்பட்ட குடும்பங்களுக்கு அதில் இடமில்லை. கஸ்டர் என்ற தளபதி 1876இல் லகோட்டா, ஷையன் வீரர்களிடம் தோற்று மடிந்த கதையோ சாராயக்கடைச் சுவர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. காசிலி ஆடம்ஸின் ஓவியத்தைத் தழுவி ஓட்டோ பெக்கர் செய்த வண்ண அச்சுப்படத்தை 1896 முதல் ஆன்ஹைசர்-புஷ் பீர் கம்பெனி நாடெங்கும் விளம்பரமாக விநியோகித்தது. ஊரைத் தாக்கப் போனவர்கள் படத்தில் முற்றுகைக்கு ஆளானவர்களாகிறார்கள். இப்படித் திசை மாற்றிய வன்முறைக்குத்தான் கிராக்கி.

கிராக்கி ஏன் என்பதில் சச்சரவு உண்டு. 1894இல் சிகாகோ ரயில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை அடக்கப் போன படையோடு ரெமிங்டனும் போய்ப் படம் போட்டு எழுதினார். தொழிலாளர்கள்மீதும் புதிதாக வந்திறங்கிய ஐரோப்பியர்கள்மீதும் அவருக்கிருந்த வெறுப்பு அவருடைய எழுத்திலேயே பதிவாகியிருக்கிறது. இதை வைத்து, முற்றுகைக்குள் நிற்கும் அந்தக் கௌபாய்கள் உண்மையில் நகரத்துப் பணக்காரர்களின் அச்சமே என்று ஒரு விளக்கம் உண்டு. 1991இல் வாஷிங்டனின் தேசிய அமெரிக்கக் கலை அருங்காட்சியகம் 'மேற்கே அமெரிக்கா' என்ற கண்காட்சியில் இந்த வகை விளக்கங்களைச் சுவரில் எழுதிவைத்தபோது பெரும் கூச்சல் எழுந்தது. வரலாற்றாசிரியர் டேனியல் பூர்ஸ்டின் பார்வையாளர் கருத்துப் புத்தகத்தில் கடுமையாக எழுதினார். அலாஸ்கா செனட்டர் டெட் ஸ்டீவன்ஸ் அருங்காட்சியகத்தைச் சாடினார். செயின்ட் லூயிஸுக்கும் டென்வருக்கும் போவதாக இருந்த கண்காட்சி அங்கெல்லாம் போகவில்லை. எதிர்த்தவர்களின் பேச்சில் ஒரு நியாயம் இருந்தது. ஓவியர் மனத்துக்குள் புகுந்து அச்சத்தையும் ஆசையையும் அள்ளிக்கொண்டு வருவது யாராலும் சரிபார்க்க முடியாத வேலை. ஆனால் தேதியும் முகவரியும் வாங்கியவர் யார் என்பதும் மனத்துக்குள் இல்லை, ஆவணத்தில் இருக்கின்றன. அவற்றை வைத்தே பேச முடியும்போது மனோதத்துவம் எதற்கு?

இதைவிட வலுவான எதிர்ப்பு சார்ல்ஸ் ரஸ்ஸலின் வாழ்க்கையிலிருந்து வரும். 1880இல் பதினாறு வயதில் மான்டானாவுக்கு வந்து, பதினோரு ஆண்டு மந்தைக்காரர்களோடு உழைத்து, இரவுகளில் மாடு காத்தவர். தூரம் என்ற குற்றச்சாட்டு இவருக்குப் பொருந்தாது. துப்பாக்கிச் சண்டைகளையும் அவர் வரைந்திருக்கிறார். ஆனால் அவருடைய படங்களிலும் தேதிகளைப் பாருங்கள். 1886-87 பனிக்காலத்தில் மேய்ச்சல் நிலமெங்கும் மாடுகள் செத்து விழுந்தன. மந்தை எப்படி இருக்கிறது என்று ஹெலினாவிலிருந்த முதலாளி கேட்டெழுதியபோது, மேற்பார்வையாளரின் பதிலோடு போகட்டும் என்று ரஸ்ஸல் கைக்குள் அடங்கும் ஓர் அட்டையில் நீர்வண்ணத்தில் வரைந்தது ஒரேயொரு மாட்டை: விலா எலும்பு துருத்த, தலை தொங்க, பனியில் கால் ஊன்றி நிற்கிறது, சுற்றிலும் ஓநாய்கள் காத்திருக்கின்றன. அதைப் பார்த்த முதலாளிக்கு வேறு கடிதம் தேவைப்படவில்லை. குடித்த கௌபாய்கள் குதிரையோடு சாராயக்கடைக்குள் நுழையும் 'கதவைத் தட்டாமல் உள்ளே' என்ற அமளிப் படமோ 1909இல் வரைந்தது. அது காட்டும் சம்பவம் 1881இல் நடந்தது. இடையில் அவருக்குத் திருமணமாகி, மனைவி நான்ஸி விற்பனையைக் கையிலெடுத்து, நியூயார்க் வரை அழைத்துப்போய் விலையை உயர்த்தியிருந்தார். ஊர்க்காரர்களுக்காக 1912இல் மான்டானா சட்டமன்றத்துக்கு அவர் செய்துகொடுத்த பெரிய சுவரோவியத்தில், முன்னணி முழுவதும் சாலிஷ் மக்களின் குதிரைகள். தேசமே கொண்டாடும் ஆய்வுப் பயணிகள் லூயிஸும் கிளார்க்கும் ஓரத்தில் சின்ன உருவங்களாக நிற்கிறார்கள்.

பூர்வகுடிகள் தங்களைத் தாங்களே வரைந்த படங்கள் என் கட்சிக்கு மெய்யான சிக்கலைக் கொண்டுவருகின்றன. போட்மரிடமும் மாக்ஸிமிலியனிடமும் தாளும் வண்ணமும் வாங்கி மாடோ டோப்பே தானும் ஒரு படம் வரைந்தார்: அந்த ஷையன் தலைவனோடு கட்டிப் புரண்ட சண்டை, எதிரியின் கத்தியை வெறுங்கையால் பற்றியதில் வழியும் ரத்தத்தோடு. வேற்றூரார் வரைந்ததில் அமைதி, உள்ளூரார் வரைந்ததில் அமளி. என் கணக்கு தலைகீழாகிறது. சமவெளி வீரர்கள் காட்டெருமைத் தோலிலும், தோல் அரிதான பிறகு வியாபாரிகளிடமும் படையினரிடமும் கிடைத்த பேரேட்டுத் தாள்களிலும் வரைந்தவற்றில் பெரும்பாலானவை போர்ச் செயல்களே. ஆனால் அவை விற்பனைக்காகப் பிறந்தவை அல்ல. உடன் நின்றவர்கள் உயிரோடு இருக்கும் ஊரில் ஒருவர் தன் செயலுக்குக் கொடுத்த சாட்சியம். செய்யாததை வரைந்தால் ஊர் சிரிக்கும். அந்தக் கட்டுப்பாடு ரெமிங்டனுக்கு இருந்ததில்லை. ஆகவே கட்சியைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். தூரம் மட்டும் போதாது. படம் யார் முன்னால் நிற்கப்போகிறது, பொய் என்றால் கேட்க அங்கே ஆள் உண்டா என்பதும் சேர வேண்டும்.

1875இல் ஷையன், கையோவா, கோமாஞ்சே உள்ளிட்ட குலங்களைச் சேர்ந்த 72 பேரைக் கைதிகளாக்கி, விசாரணையின்றி, ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டினிலுள்ள மரியன் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். 1878 வரை அங்கே அடைபட்டிருந்த காலத்தில் அவர்களில் பலர் சிறு வரைபுத்தகங்களில் வரைந்து, கோட்டையைச் சுற்றிப்பார்க்க வந்தவர்களிடம் இரண்டு டாலர் போல விற்றார்கள். ஊரில் இருந்தபோது சண்டைகளை வரைந்த ஹௌலிங் உல்ஃப் போன்ற ஷையன் வீரர்கள் இங்கே அதிகம் வரைந்தது வேட்டை, கூடார வரிசை, காதலர் சந்திப்பு, விருந்து. காவலில் இருந்தவர்கள் போரை வரையத் துணிவார்களா என்று சந்தேகிக்கலாம். சரிதான், சிறை அதிகாரியின் கண்ணுக்கு எதிரே வெள்ளைச் சிப்பாயைச் சாய்க்கும் படம் எளிதில்லை. ஆனால் பிற குலங்களோடு நடந்த பழைய சண்டைகளும் அந்தப் புத்தகங்களில் ஆங்காங்கே இருக்கத்தான் செய்கின்றன. போர் அடியோடு விலக்கப்படவில்லை, குறைந்துபோயிற்று. ரெமிங்டனின் வாடிக்கையாளர்களுக்கு வீடு இருந்தது, ஆபத்து இல்லை. இவர்களுக்கு ஆபத்துக்குக் குறைவில்லை, வீடு போயிருந்தது. ஜோடம் என்ற கையோவா இளைஞர் சரணடைந்ததையும், சங்கிலியோடு ஏறிய ரயிலையும், வழியில் வேடிக்கை பார்க்கக் கூடிய கூட்டத்தையும், கோட்டை மதிலையும் வரிசையாக வரைந்தார். மேற்கு நோக்கிப் போகும் வண்டிகளைத் தீட்டியே பெயர் வாங்கிய ஒரு நாட்டுக் கலையில், கிழக்கு நோக்கி ஓடிய ரயிலை அதற்குள் இருந்தவர் வரைந்த படங்கள் இவை.